எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது?

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் இழுக்க மறுத்தது. முன்னால் காலி லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது, பின்னால் ஊட்டி பஸ். ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு மிதித்தும் ஆர்பிஎம் முள் 2,500 பக்கத்திலேயே நின்றது. இன்ஜினில் தடுமாற்றம் இல்லை, புகை இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மிதியின் அடியில் யாரோ கட்டையைச் செருகி வைத்தது போல இருந்தது. ஓரமாக இடம் கிடைத்ததும் நிறுத்தி, 'பி'யில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே அரை மணி நேரம் நின்றோம். அம்மா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் கிளம்பினால், எதுவுமே நடக்காதது போல கார் குன்னூர் வரை ஏறிவிட்டது.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். ஸ்கேனரை மாட்டி ஐந்து நிமிடம் பார்த்தார். "ஃபால்ட் கோடு ஒண்ணுமே இல்லீங்க. கியர்பாக்ஸ் ஆயில் சூடாயிருக்குது. அது தன்னைக் காப்பாத்திக்கிச்சு, அவ்வளவுதானுங்க" என்றார்.

தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்றால் எதிலிருந்து? எப்படி? அந்தக் கேள்விதான் என்னை இரண்டு வருடமாக சிவிடி என்ற, படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றிப் படிக்கவும், ஸ்கேனர் எண்களைக் குறித்து வைக்கவும் வைத்தது. கியரே மாறாமல் வழுக்கிக்கொண்டு போகிற பெட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்ஜின் எத்தனை சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்ற விகிதத்தை மாற்றுவது அதன் வேலையில் எளிய பாதி என்று இப்போது தெரிகிறது. உள்ளே இருக்கும் எஃகு பெல்ட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று ஒவ்வொரு கணமும் முடிவு செய்வதுதான் கடினமான பாதி. அந்த முடிவை எடுக்கத்தான் காருக்குள் ஒரு தனி கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கிறது.

விகிதம் மாறுவதைப் புரிந்துகொள்ள காரைத் திறக்க வேண்டியதில்லை. தெருமுனை ஸ்கூட்டர் மெக்கானிக் ஆக்டிவாவின் இடது பக்க மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றால் போதும். எண்பதுகளில் கைனடிக் ஹோண்டா நம் ஊருக்கு வந்ததிலிருந்து 'கியர் இல்லாத வண்டி' என்று நாம் ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டரெல்லாம் சிவிடிதான். அப்பாவிடம் ஒன்று இருந்தது. முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ரப்பர் பெல்ட். ஒவ்வொரு புல்லியும் சரிவான முகம் கொண்ட இரண்டு தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிப்பக்கம் ஏறிப் பெரிய வட்டத்தில் ஓடும், விலகினால் உள்ளே இறங்கிச் சின்ன வட்டத்தில் ஓடும். முன் புல்லிக்குள் ஆறு ரோலர்கள். இன்ஜின் வேகம் கூடக் கூட அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, சரிவில் ஏறி, தட்டை நெருக்குகின்றன. முன்னால் பெல்ட் பெரிதாகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின்னால் அது ஸ்பிரிங்கை மீறிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. டாப் கியர் வந்துவிட்டது.

பின் புல்லியில் இன்னொரு விஷயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. அதன் கழுத்தில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள் இருக்கும், அவற்றில் முளைகள் ஓடும். மேட்டில் ஏறும்போது சக்கரம் எதிர்த்து நின்றால், தட்டு அந்தச் சாய்வில் சற்றே திருகி, பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பாரம் கூடினால் பிடியும் கூடும், குறைந்தால் தளரும். ஒரு ஒயர்கூட இல்லாமல் இதைச் செய்கிற அந்தப் பள்ளத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. காரின் கம்ப்யூட்டர் நாள் முழுக்கச் செய்யும் வேலையைத்தான் அது ஒரு சாய்வுக் கோட்டில் செய்துவிடுகிறது.

அப்படியானால் காருக்கும் அதையே வைக்கலாமே? ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்தார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்து ஹப் வான் டோர்ன், தன் டாஃப் நிறுவனத்தின் 600 என்ற சின்னக் காரை 1958இல் காட்டியபோது அதில் இருந்தது ரப்பர் பெல்ட்தான். சுழலும் எடைகளும், இன்ஜின் காற்று உறிஞ்சும் குழாயின் வெற்றிடமும் சேர்ந்து புல்லியை நகர்த்தின. முன்னே போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகக்கூடிய கார் அது. டச்சுக்காரர்கள் அதை வைத்து ரிவர்ஸ் பந்தயமே நடத்தினார்கள்.

ரப்பருக்கு ஒரு எல்லை இருந்தது. ஆக்டிவாவின் இன்ஜின் தருவது சுமார் 9 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கார் நூறைத் தாண்டும். அதற்காக வான் டோர்ன் பிறகு உருவாக்கியதுதான் எஃகு பெல்ட். ஆணியின் தலையைப் போல வெட்டிய நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை, அடுக்கடுக்கான எஃகு வளையங்களில் பூமாலை போலக் கோத்தது அது. மற்ற பெல்ட்டெல்லாம் இழுக்கும், இது தள்ளும். முன் புல்லியிலிருந்து பின் புல்லிக்குத் துண்டுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு போகின்றன, ரயில் பெட்டிகளைப் பின்னாலிருந்து இன்ஜின் தள்ளுவது போல. 1987இல் சுபாரு ஜஸ்டி, ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் யூனோ என்று இந்த பெல்ட் வரிசையாகக் கார்களுக்குள் வந்தது.

இந்த பெல்ட்டும் புல்லியும் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகின்றன. எஃகும் எஃகும், நடுவில் எண்ணெய். வழுக்குவதற்கென்றே செய்து வைத்தது போல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் புல்லிக்கு 150 நியூட்டன் மீட்டர் டார்க் வருகிறது. பெல்ட் 35 மில்லிமீட்டர் ஆரத்தில் ஓடுகிறது. உராய்வுக் கெழு சுமார் 0.09, புல்லி முகத்தின் சரிவு 11 டிகிரி. பெல்ட் வழுக்காமல் இருக்க வேண்டுமென்றால் தட்டை ஏறக்குறைய 23,000 நியூட்டன் விசையால் நெருக்க வேண்டும். கிலோவில் சொன்னால் 2.4 டன். வழக்கமாகச் சேர்க்கும் 30 சதவீதப் பாதுகாப்பு இடைவெளியோடு 3 டன். அதாவது மூன்று சின்னக் கார்களை அந்தத் தட்டின் மேல் ஏற்றி நிறுத்தியது போல.

மேடு முடிந்து, சமவெளியில் நிதானமாக ஓட்டுகிறீர்கள். டார்க் 40ஆகக் குறைந்துவிட்டது, பெல்ட்டும் 65 மில்லிமீட்டர் ஆரத்துக்கு ஏறிவிட்டது. இப்போது தேவைப்படும் பிடி, பாதுகாப்பு இடைவெளி சேர்த்தே, அரை டன்னுக்கும் குறைவு. ஓட்டுபவர் காலைத் தூக்கி வைக்கும் நேரத்துக்குள் 3 டன்னுக்கும் அரை டன்னுக்கும் இடையே போய்வருகிற பிடி இது.

பிடி குறைந்தால் என்ன ஆகும்? பெல்ட் ஒரு நொடியின் சிறு பகுதி வழுக்கினாலும் புல்லி முகத்தில் கோடு விழலாம். கோடு விழுந்த இடத்தில் பிடி இன்னும் கெடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வழுக்கும். கிளட்ச் தட்டு போலத் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் சமாசாரம் இல்லை இது, பெட்டியையே இறக்க வேண்டிய செலவு. சரி, எதற்கு வம்பு, எப்போதும் உடும்புப் பிடியாகவே பிடித்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. தட்டை நெருக்குவது எண்ணெயின் அழுத்தம், அதைத் தருவது இன்ஜின் சுற்றும் பம்ப். வேண்டாத அழுத்தம் எல்லாம் பெட்ரோலை எரித்து வாங்கிய அழுத்தம், அது சூடாகத்தான் வெளியே போகும். பெல்ட்டின் வளையங்களும் தேவையில்லாத இழுவிசையில் களைத்துப் போகும்.

எலெக்ட்ரானிக்ஸ் ஏன் வந்தது என்பதன் விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எஃகு பெல்ட்டின் முதல் தலைமுறைப் பெட்டிகளில் கட்டுப்பாடு பெரும்பாலும் எண்ணெயாலும் நெம்புகோலாலும் ஆனது. ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள், புல்லி எந்த நிலையில் இருக்கிறது என்று உணர ஒரு நெம்புகோல். இந்த நொடியில் இன்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது என்று அந்த வால்வுகளுக்குத் தெரியாது. தெரியாதபோது மிக மோசமான நிலையை எதிர்பார்த்துத்தானே ஆக வேண்டும்? இன்ஜினின் முழு டார்க்குக்கும் தாங்குகிற அளவு பிடியை எப்போதும் வைத்திருந்தார்கள். சமவெளியில் அரை டன் போதும் என்ற இடத்திலும் டன் கணக்கில்.

இன்றைய காரில் இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஒரே ஒயர் ஜோடியில் நொடிக்கு நூறு முறை என்ற அளவில் பேசிக்கொள்கின்றன. மெக்கானிக்குகள் பின்னதை டிசிஎம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். உள்ளே போகும் காற்றின் அளவு, தீப்பொறி விழும் நேரம் இவற்றை வைத்து இன்ஜின் தன் டார்க்கைக் கணக்கிட்டு அனுப்பும். ஏசி கம்ப்ரசர் ஓடினால் அது விழுங்குவதைக் கழிக்க வேண்டும். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் நழுவிக்கொண்டிருந்தால் அது பெருக்கித் தருவதைச் சேர்க்க வேண்டும். இப்படி வந்த எண்ணை வைத்து, இந்த விகிதத்தில், இந்த எண்ணெய்ச் சூட்டில் இத்தனை அழுத்தம் வேண்டும் என்று டிசிஎம் முடிவு செய்கிறது. என்னைப் பொறுத்தவரை சிவிடி வரலாற்றில் எஃகு பெல்ட்டுக்கு அடுத்த பெரிய அடி இந்த ஒரு எண்தான்.

அழுத்தத்தின் அளவையும் 'பார்' என்ற அலகில் சொல்லிவிடுகிறேன். நம் கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேல். பரவலாகப் பயன்படும், ஜாட்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெட்டி ஒன்றில் இன்ஜின் சும்மா ஓடும்போது பிரதான அழுத்தம் 7 அல்லது 8 பார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்க மிதித்தால் 57 பார் வரை போகும்.

இந்த அழுத்தத்தை ஆள்வது வால்வ் பாடி என்ற அலுமினியக் கட்டியும் அதில் செருகியிருக்கும் சாலினாய்டுகளும். சாலினாய்டு என்பது மின்சாரம் பாயும்போது ஒரு சிறு முளையை நகர்த்தும் காந்தச் சுருள். இவற்றைத் திறந்து மூடும் வெறும் சுவிட்ச் என்று நினைத்துவிடக் கூடாது. டிசிஎம் தரும் மின்னோட்டத்துக்குத் தக்கபடி அழுத்தமும் படிப்படியாக மாறும். முளை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மின்னோட்டத்திலேயே ஒரு மெல்லிய அதிர்வைக் கலந்து அனுப்புவதும் உண்டு, எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கட்டும் என்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு முடிவு இருக்கிறது. பெல்ட்டைப் பிடிக்கும் சாலினாய்டுக்கு மின்சாரம் போகாவிட்டால் அழுத்தம் விழாது, உச்சத்துக்குப் போகும். பிடியைத் தளர்த்துவதற்குத்தான் மின்சாரம் தேவை. எலி ஒயரைக் கடித்தாலும், கனெக்டரில் தண்ணீர் புகுந்தாலும், கம்ப்யூட்டரே செத்தாலும், கை இறுகிக்கொள்ளும், விடாது. கார் முரட்டுத்தனமாக ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும். ஆனால் பெல்ட் பிழைத்துக்கொள்ளும். எதை இழக்கலாம், எதை இழக்கவே கூடாது என்று யாரோ நிதானமாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இனி விகிதம். வண்டி வேகமும் மிதியின் நிலையும் சேர்ந்தால் இன்ஜின் இத்தனை ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும் என்று சொல்லும் ஒரு பெரிய அட்டவணை டிசிஎம்மின் நினைவில் இருக்கிறது. நான் பதிவு செய்தவற்றில், 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதியை லேசாகத் தொட்டிருந்தால் 1,300 பக்கம், பாதிக்கு மேல் அழுத்தினால் 3,500 பக்கம். இரண்டு புல்லிகளிலும் பற்களை எண்ணும் வேக சென்சார்கள் இருக்கின்றன. இப்போது இருக்கும் விகிதத்தையும் வேண்டிய விகிதத்தையும் ஒப்பிட்டு, முன் புல்லிக்கு எண்ணெயை ஏற்றியோ இறக்கியோ வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே போகும். புதிய பெட்டிகளில் இதையும் ஒரு சாலினாய்டு நேரடியாகச் செய்கிறது.

சற்றுப் பழைய ஜாட்கோ பெட்டிகளில் இருந்த ஏற்பாடு இன்னும் அழகு. தராசுக் கோல் போல ஒரு சின்ன நெம்புகோல். ஒரு முனையை, படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் பிடித்திருக்கும். மறுமுனை புல்லியின் நகரும் தட்டோடு சேர்ந்திருக்கும். நடுவில் எண்ணெய் வால்வ். டிசிஎம் மோட்டாரை இத்தனை படி நகர்த்து என்கிறது, கோல் சாய்கிறது, வால்வ் திறக்கிறது, எண்ணெய் போய்த் தட்டைத் தள்ளுகிறது. தட்டு நகர நகரக் கோலின் மறுமுனையும் நகர்ந்து, வேண்டிய இடம் வந்ததும் வால்வ் தானாகவே மூடிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் இலக்கை மட்டும் சொன்னால் போதும், போய்ச் சேர்ந்ததைக் கோலே பார்த்துக்கொள்ளும். ஸ்கூட்டர் புல்லியின் அந்தச் சாய்வுப் பள்ளத்துக்கு இது தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றும்.

மிதித்ததும் இன்ஜின் சத்தம் முதலில் ஏறி, வண்டி மெதுவாக அதைப் பிடிப்பதைத்தான் நம் ஆட்கள் 'ரப்பர் பேண்ட் மாதிரி இருக்கு' என்கிறார்கள். இன்ஜின் தன் நல்ல வேகத்துக்குப் போய் அங்கேயே நிற்க, விகிதம் மட்டும் மாறுவதால் வருவது அது. 1993இல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா 1 காரில் சிவிடியைப் பொருத்தி டேவிட் கூல்தார்டை ஓட்டவிட்டுச் சோதித்தபோதும் காதுக்கு விசித்திரமாக இருந்தது அந்த மாறாத ஒலிதான். 1994க்கான விதிகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது பல நிறுவனங்கள், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் விகிதத்தைப் படிப்படியாக மாற்றி, கியர் மாறுவது போன்ற உணர்வை மென்பொருளாலேயே தருகின்றன. இதைப் போலி என்று திட்டுபவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். வேகம் கூடுகிறது என்பதைக் காதாலும்தான் நாம் அறிகிறோம். முந்திச் செல்லும்போது காலும் காதும் ஒத்துப்போவது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

விகிதத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. புல்லி சுற்றாமல் விகிதத்தை மாற்ற முடியாது. சுற்றும்போதுதான் பெல்ட் ஏறவோ இறங்கவோ முடியும், நின்றுபோன பெல்ட்டை நெருக்கினால் நெருங்கியபடியே கிடக்கும். நெடுஞ்சாலையில் 90இல் வருகிறீர்கள், குறுக்கே ஒரு மாடு, பிரேக்கை ஓங்கி மிதித்து நின்றுவிட்டீர்கள். பெல்ட் டாப்பிலிருந்து லோவுக்கு, அதாவது கிளம்புவதற்கான விகிதத்துக்கு, வர இரண்டு மூன்று நொடிகள்தான் இருந்தன. அதற்குள் வந்து சேரவில்லை என்றால், மறுபடி கிளம்பும்போது கார் நான்காவது கியரில் கிளம்புவது போலத் தள்ளாடும். அதனால் பிரேக் சுவிட்சும் சக்கர வேகமும் 'கடுமையாக நிற்கப் போகிறார்' என்று சொன்ன அந்தக் கணமே டிசிஎம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு விகிதத்தை லோவுக்கு விரட்டுகிறது. இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டையும் அவிழ்க்கிறது, இல்லாவிட்டால் இன்ஜின் நின்றுபோகும். சிக்னல்களுக்கு இடையே நாம் யோசிக்காமல் போடும் ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே இப்படி ஓர் ஓட்டம் நடக்கிறது.

சாலையிலிருந்து வரும் அடி இன்னொன்று. குழியில் சக்கரம் இறங்கி ஒரு கணம் பிடியை விட்டுச் சுழன்று, மறுபடி தார்ச் சாலையைக் கவ்வும்போது, பாரம் சக்கரத்திலிருந்து பின்னோக்கி பெல்ட்டுக்கு வந்து அறையும். இன்ஜின் அனுப்பும் டார்க் எண்ணில் இது இருக்காது. 30 சதவீத இடைவெளி வைத்திருப்பதே முக்கியமாக இதற்காகத்தான். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போதும், மோசமான சாலை என்று சக்கர வேகத்தின் துடிப்பு காட்டும்போதும், டிசிஎம் முன்கூட்டியே பிடியைக் கூட்டிவைப்பது உண்டு.

இப்போது பர்லியாறுக்குத் திரும்பலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளும் வேகமே கிடைக்கவில்லை, அது நழுவி நழுவி எண்ணெயைச் சூடாக்கியது. விகிதம் லோவில், பிடி உச்சத்தில், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்குக் காற்று இல்லை. எண்ணெய் ஒரு எல்லையைத் தாண்டியதும் டிசிஎம் இன்ஜினிடம் 'டார்க்கைக் குறை' என்று கேட்டது. ஆக்சிலரேட்டருக்கும், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வால்வுக்கும் இடையே இந்தக் காரில் கேபிள் கிடையாது, நடுவில் இருப்பது கம்ப்யூட்டர்தான். என் கால் எவ்வளவு அழுத்தினாலும் த்ராட்டில் அவ்வளவுதான் திறந்தது. மிதிக்கு அடியில் இருந்த கட்டை அதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆறு மாதம் கழித்து 'டி'யில் போட்டால் ஓர் இடி, கிளம்பும்போது நடுக்கம். இந்த முறை விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் பி 0776, அழுத்தச் சாலினாய்டு சொன்னபடி கேட்கவில்லை என்பதற்கான கோடு. எண்ணெயை இறக்கினால் கறுப்பு. நான் இரண்டாவது கையாக வாங்கிய கார் அது, முந்தைய உரிமையாளரின் ரசீதுகளைத் தேடியபோது ஏதோ ஒரு பட்டறையில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றியிருந்தது தெரிந்தது. சிவிடிக்கு உரிய எண்ணெய் வேறு. எஃகும் எஃகும் உரசுகிற இடத்தில் உராய்வைக் குறைத்துவிடாமல் தேய்மானத்தை மட்டும் தடுக்கும்படி அதைச் செய்கிறார்கள். வேறு எண்ணெய் போனால் கம்ப்யூட்டர் நம்பியிருக்கும் அந்த 0.09 நிலைக்காது. கம்ப்யூட்டர் கணக்கு சரியாகவே போடும், ஆனால் பிடி தவறிப்போகும்.

வேறொரு பட்டறையில், கழற்றிய காரிலிருந்து எடுத்த வால்வ் பாடியை மாட்டிக் கொடுத்தார்கள். இடி குறையவில்லை, கூடியது. அண்ணனிடமே திரும்பிப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "டேட்டா ஏத்துனாங்களா?"

அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் இது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு வால்வ் பாடிகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒன்றில் அரை ஆம்பியருக்கு 20 பார் வந்தால் இன்னொன்றில் 18 வரும். அதனால் ஆலையிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, இத்தனை மின்னோட்டத்துக்கு இத்தனை அழுத்தம் என்று அதற்கே உரிய ஜாதகத்தை எழுதி வைக்கிறார்கள். சில பெட்டிகளில் அந்த ஜாதகம் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு நினைவகச் சில்லில் இருக்கும், சிலவற்றில் வரிசை எண்ணைக் கொடுத்துக் கோப்பாக வாங்கி டிசிஎம்மில் எழுத வேண்டும். என் காரில் புது வால்வ் பாடி இருந்தது, பழைய வால்வ் பாடியின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு டிசிஎம் ஆட்சி செய்தது. கோப்பு கிடைக்க ஒன்பது நாள் ஆனது. எழுதி, டிசிஎம் முன்பு தானாகக் கற்றுவைத்திருந்த திருத்தங்களை அழித்து, சரியான எண்ணெயை அதற்குச் சொன்ன சூட்டில் அளந்து ஊற்றி, நிறுத்தியபடியே 'டி', 'ஆர்' என்று சில முறை மாற்றிக் கற்றுக்கொள்ள விட்டார். இடி போயே போய்விட்டது.

நம் சாலைகளில் சிவிடி கார்கள் இப்போது ஏராளம். 2000களின் நடுவில் ஹோண்டா சிட்டி, 2013இல் மைக்ரா, 2015இல் பலேனோ, சென்னையை அடுத்த ஒரகடத்திலிருந்து மேக்னைட், பெல்ட்டுக்குப் பதில் செயினைப் பயன்படுத்தும் ஹுண்டாயின் சிவிடியான ஐவிடி வரை. அவற்றில் பல இப்போது இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு வந்துவிட்டன. அதனால் இரண்டு விஷயங்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கும் முன் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள், எந்த எண்ணெய் என்று பெயரோடு. மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. சிவிடியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். 'டி' அல்லது 'எல்'லில் காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும், இன்ஜின் வண்டியைத் தடுத்தும் பிடிக்கும். நியூட்ரலில் தடுப்பும் போய்விடும், பம்ப்பும் மந்தமாகிவிடும், பெல்ட் மட்டும் சக்கரத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். முன் சக்கரம் தரையில் உருள கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்ப் இல்லை, பம்ப் இல்லாதபோது பிடியும் இல்லை.

வேலை முடிந்த அன்று மாலை அண்ணன் ஸ்கேனர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு கல்லாறு வரை வந்தார். முதல் மேட்டில், "இப்ப மிதிங்க" என்றார். மிதித்தேன். கார் தயங்காமல் ஏறியது. ஓரமாக நிறுத்தியதும் பதிவான வரைபடத்தை விரலால் விரித்துக் காட்டினார். சிவப்புக் கோடு பின் புல்லியின் அழுத்தம், நீலக் கோடு இன்ஜின் டார்க். விரித்துக்கொண்டே போனால் இரண்டும் ஒன்றாக ஏறவில்லை என்பது தெரிந்தது. என் கால் இறங்கியதும் முதலில் எழுந்தது சிவப்பு. அது போய் நிலைத்த பிறகுதான் நீலம் எழுந்தது.

"பாருங்க, முதல்ல புடிச்சுக்குது" என்றார் அண்ணன். "அப்புறம்தான் விடுது."